கிடங்குக் கோதுமை கப்பலேறும் முன்

அன்புள்ள ஐயா,
இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் கோதுமை மழையில் நனைந்து வீணாவதைவிட, மிகுந்ததை ஏற்றுமதி செய்து அன்னியச் செலாவணி ஈட்டலாமே? இதை எதிர்ப்பவர்கள் உழவருக்கு எதிரிகள் அல்லவா?
– வாசகர், அம்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நானும் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். தானியம் வீணாவது கண்டு வருந்தும் உங்கள் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்னியச் செலாவணி ஈட்ட வேறு எத்தனையோ சரக்குகள் உள்ளன, அதை விடுங்கள். உழவருக்கு எதிரி என்ற பேச்சை மட்டும் இனி எடுக்காதீர்கள். கிடங்கிலிருக்கும் கோதுமைக்கு உழவருக்குரிய ஆதரவு விலை கொள்முதலின்போதே கொடுத்தாயிற்று. அது கப்பலேறுவதால் அவர் கைக்கு ஒரு ரூபாயும் கூடுதலாக வராது.

அந்தக் கோதுமை ஏன் தேங்கியது என்று நீங்கள் கேட்கவே இல்லையே! 2000-ஆம் ஆண்டில், வறுமைக் கோட்டுக்கு மேலே உள்ளவர்கள் என்று பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்கு, கொள்முதல் முதல் கிடங்குக் காவல் வரை அரசுக்கு ஆகும் முழுச் செலவையும் ரேஷன் விலையாக வைத்தார்கள். கடைத்தெருவிலேயே ஏறக்குறைய அந்த விலைக்குக் கிடைத்ததால் மக்கள் ரேஷனில் வாங்குவதை விட்டார்கள், கொள்முதலோ நிற்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் நடுவில் அரிசியும் கோதுமையுமாக 6 கோடி டன்னுக்கு மேல் குவிந்தது. ஏழைக் குடும்பத்துக்கென்று வைத்த விலைக்கே, அதாவது செலவில் பாதிக்கே, ஏற்றுமதியாளருக்குக் கோதுமையைத் தர முன்வந்தார்கள். கிடங்கு நிறைந்திருக்கும்போது பட்டினி ஏன் என்று கேட்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அதே காலத்தில்தான். ஐந்தாண்டுகள்கூடக் கழியவில்லை, 2006-07-இல் ஏறத்தாழ 55 லட்சம் டன் கோதுமையை நாமே இறக்குமதி செய்தோம்.

அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்த 1960களில், பெரம்பூர் வீட்டுத் திண்ணையில் என் அம்மா ரேஷன் கோதுமையை முறத்தில் புடைத்துக் கல் பொறுக்குவார். மாவு மில்லிலிருந்து நான் சுமந்து வரும் பை விலாவில் சுடும். புடைக்கும்போது தெறித்த மணிகளைத் தரையில் தடவித் தடவி எடுத்து மறுபடி முறத்தில் போடுவார். அந்தக் கைகளைப் பார்த்து வளர்ந்தவனிடம், விற்றுவிடலாமே என்று இவ்வளவு எளிதாகச் சொல்கிறீர்கள்.

ஏற்றுமதியே கூடாது என்பது என் கட்சி அன்று. ஜூலை 1 அன்று மத்தியத் தொகுப்பில், அதாவது ரேஷனுக்கும் அவசரத்துக்குமென அரசு வைத்திருக்கும் பொதுக் கையிருப்பில், 275.80 லட்சம் டன் கோதுமை இருக்க வேண்டும் என்பது அரசே வகுத்த அளவு. அதற்குமேல் இருப்பதை முதலில் விலை குறைத்து, கேட்கும் எல்லா அட்டைதாரருக்கும் கூட்டிக் கொடுக்கட்டும். அதன் பிறகும் மிஞ்சினால் தாராளமாகக் கப்பலேற்றட்டும்.