தலை சி.டி.யில் 1700: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

திருமங்கலம் பக்கம் ஒரு மருத்துவமனையில் சி.டி. டெக்னீஷியனாக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் பைக் விபத்துக் கேஸ். தலைக்கு எடுத்தால் திரையில் சி.டி.டி.ஐ. 68, டி.எல்.பி. 1700 என்று காட்டுகிறது. இது அதிகமா? எம்.ஏ.எஸ்.ஸைக் குறைத்தால் படம் புள்ளி புள்ளியாக இருக்கிறதென்று டாக்டர் சத்தம் போடுகிறார். என்ன செய்வது?"

இந்த எண்ணைத் திரும்பியே பார்க்காமல் வருஷக்கணக்கில் ஸ்கேன் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததே பாதி வேலை. மற்ற வாசகர்களுக்காக: சி.டி.டி.ஐ. என்பது ஸ்கேன் ஓடும் இடத்தில் விழும் கதிரின் அளவு, அதாவது டோஸ் (மில்லிகிரே கணக்கு). டி.எல்.பி. அதை ஸ்கேன் ஓடும் நீளத்தால் பெருக்கியது. எம்.ஏ.எஸ். கதிரைக் கூட்டவும் குறைக்கவும் மெஷினில் இருக்கும் அமைப்பு.

68 பதற வேண்டிய அளவு இல்லை. பெரியவர்களின் தலைக்கு ஐரோப்பிய ஆணையம் 1999-இல் வைத்த ஒப்பீட்டு அளவு 60 மில்லிகிரே, டி.எல்.பி. 1050. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 75 வரை போகிறது. உங்கள் எண் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. என்னை உறுத்துவது 1700தான். அது ஒரே சீரிஸின் (ஒரு தடவை ஓட்டிய ஸ்கேனின்) எண் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1700-ஐ 68-ஆல் வகுத்துப் பாருங்கள். 25 வரும். அதாவது 25 செ.மீ. நீளத்துக்கு ஸ்கேன் ஓடுகிறது. மண்டையோட்டின் அடியிலிருந்து உச்சி வரை எடுக்க 16 செ.மீ. போதும். மிச்சம் 9 செ.மீ. எங்கே போகிறது? கீழே தாடையும் கழுத்தும், மேலே வெறும் காற்றும். டோபோகிராம் (எங்கிருந்து எதுவரை என்று குறிக்க முதலில் எடுக்கும் படம்) வந்ததும் அதன் மேல் ஸ்கேன் பெட்டியைத் தாராளமாக இழுத்துவிடுவது அவசரத்தில் எல்லோருக்கும் தொற்றும் பழக்கம். கீழ்க்கோட்டை மண்டையோட்டின் அடியில் வையுங்கள், மேல்கோட்டை உச்சிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். 68-ஐ 16-ஆல் பெருக்கினால் 1088. எம்.ஏ.எஸ்.ஸைத் தொடவில்லை, படத்தில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முழு உடலுக்கான பாதிப்புக் கணக்கில் சொன்னால், சுமார் 3.6 மில்லிசீவர்ட் 2.3 ஆகிறது. இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு வருஷத்தில் கிடைக்கும் கதிரின் உலக சராசரியே 2.4 தான்.

முகத்தில் அடி, கழுத்தெலும்பில் சந்தேகம் என்றால் நீளம் கூடத்தான் செய்யும். அதை டாக்டர் கேட்டு எழுதித்தர வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று நாமாக நீட்டக் கூடாது.

சரி, டாக்டரின் கோபத்துக்கு வருவோம். மூளையில் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் வித்தியாசம் பத்து ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி. படத்தில் கருமை வெண்மையை அளக்கும் எண்) அளவுதான். நுரையீரலில் டோஸை வெட்டுவதுபோல இங்கே வெட்ட முடியாது. டோஸைப் பாதியாக்கினால் இரைச்சல், அதாவது படத்தின் அந்தப் புள்ளிகள், 1.4 மடங்காகும். அவர் சத்தம் போடுவது நியாயம்தான். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அவருக்கு எந்தத் தடிமனில் (ஒரு படம் காட்டும் துண்டின் கனத்தில்) படம் போகிறது? 5 மி.மீ. படத்தை 1.25 ஆக்கினால் அதே டோஸில் இரைச்சல் இரண்டு மடங்காகும். எலும்பு முறிவுக்கு மெல்லிய படம் தனியாக இருக்கட்டும். மூளையைப் பார்க்க 5 மி.மீ. அனுப்புங்கள். பல இடங்களில் சண்டை இதோடு முடிந்திருக்கிறது. அப்புறம் எம்.ஏ.எஸ்.ஸைப் பத்து சதவீதம் குறையுங்கள். இரைச்சல் ஐந்து சதவீதம்தான் ஏறும். ஒரு வாரம் டாக்டருக்குக் காட்டுங்கள், அவர் ஒப்புக்கொண்டால் அடுத்த படி.

அடுத்த பெரிய செலவு, திரும்ப எடுப்பது. சனிக்கிழமை ராத்திரி, போதையில் ஒருவர், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். ஸ்கேனை ஓட்டிவிட்டு "கலங்கிப்போச்சு, மறுபடி எடு" என்றால் டோஸ் அப்படியே இரட்டிப்பு. இரண்டு நிமிஷம் செலவழித்து ஹெட் ஹோல்டரில் தலையைப் பொருத்தி, நெற்றிக்கும் தாடைக்கும் பட்டை போட்டு, பக்கவாட்டில் ஸ்பாஞ்ச் செருகுங்கள். தலையணையைப் போட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். தலை கேன்ட்ரியின் (நோயாளி நுழையும் வளையத்தின்) நடுவை விட்டு விலகினால் படமும் கெடும்.

தாடையை நெஞ்சை நோக்கிச் சற்று இறக்கினால் கண் கதிரை விட்டு விலகும். கழுத்தில் அடி இருக்கிறதென்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கழுத்தைத் தொடாதீர்கள். கேன்ட்ரி சாயும் மெஷினாக இருந்தால் அதைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கண் லென்ஸுக்குப் பாதிப்பு தொடங்கும் அளவு 0.5 கிரே என்று சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் சொன்னது. ஒரு ஸ்கேன் அதில் பத்தில் ஒரு பங்குக்கு வரும். அடிக்கடி ஸ்கேன் எடுக்கும் நரம்பியல் நோயாளிக்கு இது சின்ன விஷயமில்லை.

குழந்தைக்குத் தனி புரோட்டோகால்தான் (மெஷினில் சேமித்து வைக்கும் ஸ்கேன் அமைப்பு). அதே டி.எல்.பி. உடலுக்கான கணக்கில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மதுரைக்கு அனுப்பும் கேஸ்களுக்கு ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று "பழைய படம் எங்கே?" என்று தேடுவதைவிட அது மேல்.

கடைசியாக நோட்டு. தலை ஸ்கேன் எடுத்த முப்பது பெரியவர்களின் சி.டி.டி.ஐ., டி.எல்.பி. இரண்டையும் எழுதி, வரிசைப்படுத்தி, நடுவில் வருவதைப் பாருங்கள். அதைத்தான் ஒப்பிட வேண்டும், ஒரு நோயாளியின் எண்ணை அல்ல. புரோட்டோகாலை மாற்றினால் பழையதன் மேல் எழுதாமல் புதுப் பெயரில் சேமித்து, தேதியும் போட்டு வையுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் மூளை ரத்த ஓட்ட ஸ்கேனுக்கு அமைப்பை மாற்றியபோது ஏற்பட்ட குழப்பத்தில் 206 பேருக்குப் பதினெட்டு மாதம் எட்டு மடங்கு டோஸ் போயிருக்கிறது. முடி கொட்டிய ஒரு நோயாளி வந்து சொன்ன பிறகுதான், 2009-இல், அது தெரிந்தது. அந்த எண் அத்தனை நாளும் திரையில் இருந்திருக்கிறது.