பாட்டியிடம் சொன்ன ‘போ’

அன்புள்ள அக்கா,

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஐந்து வயது மகளை எங்கள் பிலிப்பைன்ஸ் மெயிட்தான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். ‘பாத்திபோட்’ என்று அவர் ஊரின் பழைய குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றை போனில் போட்டுக் காட்டுவார். நல்ல பண்புகள் சொல்லித்தருமாம். போன வாரம் ஊரிலிருந்து மாமியார் வந்தார். மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து, ஏதோ சொல்லிக் கடைசியில் ‘போ’ என்றாள். மாமியார் முகம் வாடிவிட்டது. வேற்று நாட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு, நிறுத்திவிடலாமா? திரை பார்க்கும் நேரமும் கவலையாக இருக்கிறது. தமிழில் இதுபோலப் பண்பு கற்றுத்தரும் நிகழ்ச்சி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் மாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள், பேத்தி அவரைப் போகச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் ‘போ’ மரியாதைச் சொல். ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று நாம் கடைசியில் சேர்க்கும் ‘ங்க’ மாதிரி. ‘மானோ போ’ என்றிருப்பாள். கையைக் கொடுங்கள், ஆசி வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். பாவம், உலகத்திலேயே மிகப் பணிவான சொல்லைச் சொல்லியும் பாட்டியின் வாடிய முகத்தைத்தான் பார்த்திருக்கிறது குழந்தை.

திரை நேரத்தைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வேற்று நாட்டுப் பழக்கம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ‘மானோ’ ஸ்பானியச் சொல், கை என்று அர்த்தம். அக்காவைக் கூப்பிடும் ‘ஆத்தே’ சீனர்களின் ஹொக்கியனிலிருந்து வந்தது. இரண்டும் இன்று பிலிப்பைன்ஸ்காரர்களுடைய சொந்தச் சொற்கள். இதுபோலத் தமிழ் நிகழ்ச்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை, அந்த ஏக்கம் எனக்கும் உண்டு.

பாத்திபோட்டை நிறுத்தாதீர்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தைகள் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’காரர்களோடு சேர்ந்து, ஆங்கிலமும், தகலோக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியான ஃபிலிப்பினோவுமாகத் தொடங்கியது அது. அந்தக் கூட்டு முடிந்ததும், 1985இல், சொந்த மொழியில் சொந்தப் பெயரோடு வந்தது. பாத்திபோட் என்றால் சிறிசானாலும் கெட்டி. அதில் போங் பகோங் என்று ஓர் ஆமையும் கிக்கோ மட்சிங் என்று ஒரு குரங்கும் உண்டு. அந்த நாட்டில் ஆமையும் குரங்கும் என்றால் ஒரு பழங்கதை எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1889இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எடுத்தெழுதிய கதை. வாழைக்கன்றைப் பங்கு போடும்போது இலையுள்ள மேல்பாதியைக் குரங்கு எடுத்துக்கொள்கிறது, அது பட்டுப்போகிறது. ஆமையின் அடிப்பாதி தழைத்துக் குலை தள்ளுகிறது. மரமேறத் தெரியாத ஆமைக்கு ஒரு பழம்கூடப் போடாமல் குரங்கே தின்கிறது. அப்புறம் பழிக்குப் பழி. அப்படிப்பட்ட இருவரையும் பாத்திபோட் நண்பர்களாக்கிக் காட்டியது. ‘பகிர்ந்து உண்’ என்று எழுதிப் போட்டிருந்தால் எந்தக் குழந்தை பார்த்திருக்கும்?

இனி நான் சொல்ல வந்தது. மானோவுக்கு இரண்டு பேர் வேண்டும். குழந்தை குனிந்தால் மட்டும் போதாது, பெரியவர் கையை நீட்ட வேண்டும். நீட்டிவிட்டு ‘கடவுள் உன்மேல் இரக்கம் வைக்கட்டும்’ என்று பதிலும் சொல்ல வேண்டும். கை தானாக நீளாமல், பதிலும் வராமல் போனால் குழந்தையின் மானோ அந்தரத்தில் நிற்கும். உங்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது. குழந்தைக்குப் பண்பு கற்றுத்தர நிகழ்ச்சி கேட்கிறீர்கள். பெரியவர்களுக்கு எந்த நிகழ்ச்சியைப் போடுவது?

கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்திராத என்னை ‘அக்கா’ என்கிறீர்கள். இரண்டு வருடமாக உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைப்பவர் ‘மெயிட்’. உங்கள் மகள் அவரை ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் சொல்லைச் சரியாகப் பிடித்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

தங்கையின் பிரசவத்துக்காக மூன்று மாதம் சிங்கப்பூரில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் விடுமுறையில் கூடும் கடைவளாகமான ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவுக்குப் போனபோது, அவர்களில் ஒரு பெண் ஊருக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ. கப்பலில் போய்ச் சேருவதற்குள் கால் வளர்ந்துவிடும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தார். நடுவில் போன் அடித்தது, வீடியோ அழைப்பு. மறுமுனையில் ஏழெட்டு வயதுப் பையன். பேசி முடித்ததும் நெற்றியை போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். திரை முழுக்க முடியும் இருட்டும்தான் தெரிந்தது. அம்மா தன் புறங்கையை அந்தக் கண்ணாடிமேல் வைத்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு போனைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, பெட்டிக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பவருக்குப் பிள்ளைகள் உண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடுமுறை தருகிறீர்களா? மாதத்தில் ஒரு நாளையாவது, காசு கொடுத்தும் ஈடுகட்டாமல், விட்டே ஆகவேண்டும் என்று 2023 முதல் அங்கே சட்டம். நீங்கள் வாரத்துக்கு ஒரு நாள் கொடுங்கள். அன்றைக்குப் பாத்திபோட் வேண்டாம். மகள் உங்களோடும் பாட்டியோடும் இருக்கட்டும். அவள் மறுபடி ‘மானோ போ’ என்று வருவாள். மாமியாரைக் கையை நீட்டி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா