எருமை வந்தது, பசு எங்கே?

கேள்வி:

அன்புள்ள ரீச்சர்,

நான் வன்னியில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வயல் செய்கிறவன். வயது 44. கடதாசி விளையாட்டு கொஞ்சம் பழக்கம். மனைவி சொல்கிற அளவுக்கு இல்லை. உண்மையில் என் பிரச்சினை கடதாசியே இல்லை. என்னிடம் இருக்கிற வாயில்லாச் சீவன்களின் ராசியை வீட்டில் ஒருவரும் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை, அதுதான் பிரச்சினை.

என் சேவல் ஒரு தரம் கூவினால் இருந்து விளையாடலாம், இரண்டு தரம் கூவினால் எழும்பிப் போக வேண்டும். மூன்று வருசமாகப் பார்க்கிறேன், அது ஒருநாளும் இரண்டு தரம் கூவியதில்லை. என் கிடாய் ஒருநாள் கடதாசிக் கட்டில் இருந்த கலாவரை (கிளாவர்) இனத்துப் பத்தைத் தின்றுவிட்டது. அன்று தொடக்கம் எதிராளியின் கையில் கலாவரை இருந்தால் கத்திக் காட்டும். எருமையை மாங்குளத்தில் ஒருவரிடம் தோற்றேன். விடிய வீட்டுக்கு வந்தால், எனக்கு முதலே அது வந்து அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. இருபது கிலோமீற்றருக்குக் குறையாத காட்டுவழி! அடுத்த கிழமை அதையே திரும்பவும் வைத்தேன். நாலு தரம் தோற்றும் எருமை என்னிடம்தான். ஐந்தாம் தரம் வென்றவர், "எருமை வேண்டாம், அதைத் தேடித் திரிந்த பெற்றோல் காசைத் தா" என்றார்.

போன மாசியில் காவல் கொட்டிலில் இருந்து 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடும்போது ஒரு தனியன் யானை வந்தது. மற்ற மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். நான் அசையவில்லை, ஏனென்றால் என் கையில் துரும்பு ஜாக்கியும் ஒன்பதும் இருந்தன. யானை என் தோளுக்கு மேலால் எட்டிக் கடதாசியைப் பார்த்தது, தலையை ஆட்டியது, காட்டுக்குள் போய்விட்டது. ஓடினவர்கள் திரும்பி வந்ததும் அந்த ஆட்டத்தை நான் தோற்றேன். யானைக்கு முதலே தெரிந்திருக்கிறது, ரீச்சர்.

இப்போது ஒரு சோடி காளை இருக்கிறது. சித்திரை மாட்டுவண்டிச் சவாரியில் அதை வைத்து, விட்டது முழுவதையும் பிடித்துவிடலாம். மனைவி ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசுகிறாள் இல்லை. பதினொரு வயது மூத்தவளும் தாயின் பக்கம். போத்தலில் பால் பருக்குகிற கன்றைக்கூட வீட்டில் விடாமல், பின்னேரமானால் அம்மம்மா வளவில் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறாள். இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்:

தம்பி,

சிரித்தேன். மறைக்க மாட்டேன். யானை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகப் போய்விட்டது. இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் சுவையானவை எல்லாம் சூதாடுகிறவர்கள் எழுதியவை. மிகவும் சுருக்கமானவை அவர்களின் மனைவிமார் எழுதியவை.

சிரித்து முடித்து, கடைசிப் பந்தியைத் திரும்ப வாசித்தேன். போத்தலில் பால் பருக்குகிற கன்று என்று எழுதியிருக்கிறீர்.

கன்று ஏன் போத்தலில் குடிக்கிறது? தாய் எங்கே?

சேவல் பற்றி எழுதினீர், கிடாய் பற்றி எழுதினீர், எருமையைப் பற்றி மூச்சு விடாமல் எழுதினீர், உமக்குச் சொந்தமே இல்லாத யானைக்கு ஒரு பந்தி ஒதுக்கினீர். கன்று போட்ட பசுவுக்கு ஒரு சொல்கூட இல்லை. அது செத்திருந்தால் நிச்சயம் எழுதியிருப்பீர். பாம்பு பசுவைக் கடித்தது, ஆனால் முதலில் செத்தது பாம்புதான் என்று ஒரு கதை வந்திருக்கும். பாலுக்கு விற்றிருந்தால் கன்றும் கூடவே போயிருக்கும். எங்கள் ஊர் மாடு கன்று முட்டாமல் பால் சுரக்காது என்பது வன்னியில் பட்டி பார்த்த எவருக்கும் தெரியும். பால் கறக்க மாடு வாங்குகிறவர் கன்றை விட்டுவிட்டுப் போக மாட்டார். கன்று வேண்டாம், தாய் மட்டும் போதும் என்று ஏற்றிக்கொண்டு போனவர் அதை எதற்கு ஏற்றினார் என்று உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உம்முடைய பதினொரு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

எருமை நாலு தரம் காடு கடந்து வந்ததாம். கன்றை விட்டுப் பிரிந்த பசு அதைவிட விரைவாக வரும், மடி கனத்துக் கதறிக்கொண்டு வரும். அது வரவில்லை. மனைவி பேசாமல் விட்டு ஒரு மாதம் என்கிறீர். கன்று போத்தலுக்கு மாறி எவ்வளவு காலம் என்று எண்ணிப் பாரும். இரண்டும் ஒரே கணக்காக வரும் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பிள்ளை நாளாந்தம் என்ன செய்கிறது என்று கேளும், ஏனென்றால் நீர் பார்த்திருக்க மாட்டீர். கன்றுக்கு ஒரு நாளுக்கு அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பால் வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றால் போகும், ஆகவே பிரித்துக் கொடுக்க வேண்டும். அது உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். போத்தலையும் சூப்பியையும் ஒவ்வொரு தரமும் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். பள்ளிக்கூடம் போக முதல் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம். பால் யார் வீட்டுக் காசில் வருகிறது? தாயைத் தோற்ற வீட்டில் பாலை விலைக்கு வாங்கிக் கன்றுக்குக் கொடுக்கிறார்கள், அதையும் நீர் எழுதவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, பின்னேரமானால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மம்மா வளவுக்கு நடக்கிறது.

ஏன் பின்னேரம்? நீர் விளையாடப் போகிற நேரம் அது. வீட்டுக்குக் கள்ளன் வருகிற நேரத்தைப் பிள்ளை கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கள்ளன் வேலியால் ஏறி வருவதில்லை, வீட்டுக்குள்ளே இருந்து போகிறான் என்பதும் அதற்குத் தெரியும். "எப்படி விளங்கப்படுத்துவது?" என்று என்னைக் கேட்கிறீரே, வெட்கமாக இல்லையா? அந்த வீட்டில் எல்லாம் விளங்கியிருக்கிற ஒரே ஆள் அவள்.

தாயின் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பதும் பொய். அவள் கன்றின் பக்கம் நிற்கிறாள். தகப்பன் நிற்க வேண்டிய இடம் அது.

பசு என்றால் உமக்கு ஒரு பந்தயப் பொருள். இந்த மண்ணில் அது அப்படி இல்லை. 2009இல் போரால் இங்கிருந்து போன சனத்தில் எத்தனையோ பேர் கடைசியாகச் செய்த வேலை, மாட்டின் கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டது. திரும்பி வந்தபோது வளவில் பற்றை, பட்டியில் ஒன்றும் இல்லை. ஒரு நாகு கிடைத்தால் அதிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். அநேகமான வீடுகளில் தொடங்கியது பெண்கள். பால் காசு கொப்பியாகவும் சப்பாத்தாகவும் மாறுகிற கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். உம்முடைய மாமியின் வளவில் இன்றைக்கு ஒரு கன்று கட்ட இடமும் காவலும் இருக்கிறதென்றால், அது சும்மா வந்திருக்காது. அந்தப் பசு உம்முடைய மனைவி சீதனமாகக் கொண்டுவந்த மாட்டின் வழி என்றால் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு உரிய வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்தது. அதன் மேல் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மனைவி கலியாணத்தோடு கொண்டுவருகிற சொத்து அவளுடைய தனிச் சொத்து என்கிறது. அடுத்தவரின் பொருளை எடுத்து ஆடினால் அதற்கு என்ன பெயர் என்று விதானையாரிடம் போய்க் கேளும்.

சரி, உம்முடைய சேவலுக்கு வருவோம். 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எட்டுப் புறாக்களைப் பசியோடு கூட்டில் விட்டு, குறித்த இடைவெளியில் தீன் வரும்படி செய்தார். புறா என்ன செய்தாலும் தீன் வரும், ஒன்றும் செய்யாவிட்டாலும் வரும். ஆனால் ஒன்று இடப்பக்கமாகச் சுழன்றுகொண்டே இருந்தது, இன்னொன்று கூட்டின் மேல் மூலையில் தலையைக் கொண்டுபோய் முட்டியது. தான் அப்படிச் செய்ததால்தான் தீன் வந்தது என்பது போல. எட்டில் ஆறு இப்படிப் பழகிவிட்டன. ஆக, உம்முடைய வீட்டில் ராசி பார்க்கிற பறவை சேவல் இல்லை. சேவல் விடியத்தான் கூவுகிறது. எழும்பச் சொல்லி எத்தனையோ தரம் கூவியிருக்கும், உமக்கு முதலாவது மட்டும்தான் கேட்டிருக்கிறது.

304 விளையாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் ஆடியிருக்கிறோம், காசு இல்லாமல். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, மற்றவற்றோடு ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. துரும்பு ஜாக்கியும் ஒன்பதும் கையில் வைத்துக்கொண்டு தோற்றீர் என்றால், யானை தலையை ஆட்டியதில் ஒரு பிழையும் இல்லை.

சூதாட்டத்தை ஒரு நோயாக 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். 2013இல் அதை எடுத்துக் குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்தார்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். நோய் என்று சொன்னவுடன் உம்மைப் போன்றவர்கள், "பார்த்தீர்களா, என் கையில் இல்லை" என்று கால் நீட்டிப் படுத்துவிடுவீர்கள். நோயாளி வைத்தியரிடம் போகக் கடமைப்பட்டவன். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போம். போக வெட்கமாக இருந்தால் முதலில் 1926க்கு அழையும், தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் அது. பசுவை ஏற்றிவிட்டபோது வராத வெட்கம் இதற்கு மட்டும் வரத் தேவையில்லை.

காளைச் சோடி விசயம். விட்டதைப் பிடிக்கப் போனவர்களின் கடிதங்களில் "பிடித்துவிட்டேன், நிறுத்திவிட்டேன்" என்று ஒன்றுகூட எனக்கு இன்னும் வரவில்லை. தருமரும் ஆடு மாடுகளை வைத்து முடித்த பிறகுதான் தம்பிமாருக்கு வந்தார், தம்பிமாருக்குப் பிறகு பாஞ்சாலி. காளைகளுக்கு அடுத்து உம்மிடம் என்ன இருக்கிறது? காணிப் பத்திரமா? தாலிக்கொடி ஏற்கெனவே அடைவில் இருக்கிறதென்றால் எனக்கு எழுத வேண்டாம், ஊகித்துவிட்டேன்.

இதை வாசிக்கும்போதே உமக்கு ஒரு யோசனை வந்திருக்கும் என்றும் தெரியும். சவாரியில் வென்று நல்ல பசு ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து கட்டினால் பிள்ளையின் முகம் மலரும், அதோடு விட்டுவிடலாம் என்று. உம்முடைய யோசனைகளிலேயே மிக ஆபத்தானது அதுதான், அன்பு மாதிரி உடுத்திக்கொண்டு வருகிறபடியால். சூதில் வென்ற பசுவைப் பிள்ளை தொட மாட்டாள். தொட்டால் இன்னும் மோசம், அடுத்த தலைமுறைக்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததாகப் போய்விடும்.

காளைகளை மனைவியின் சம்மதத்தோடு, அவர் பக்கத்தில் நிற்க, நல்ல இடம் பார்த்து விற்றுக் கடனை அடையும். யாருக்கு எவ்வளவு என்று முழுவதையும் ஒரு தாளில் எழுதி முதலில் அவரிடம் கொடும். ஒன்றையும் ஒளிக்க வேண்டாம், ஒளித்த கடன்தான் திரும்ப ஆட வைக்கும். காலபோக நெல்லுக் காசு இனி அவர் கைக்குத்தான் வர வேண்டும் என்று நெல் வாங்குகிறவருக்கும் சொல்லி வையும். அவமானமாக இருக்கும். இருக்கட்டும். மனைவி பேச வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டு திரிய வேண்டாம், பேசுவதும் பேசாததும் அவர் பாடு.

மகளிடம், "இனி விளையாட மாட்டேன்" என்று சத்தியம் பண்ணக் கூடாது. அதை அவள் முன்பும் கேட்டிருப்பாள். பின்னேரம், மற்றவர்கள் கடதாசிக் கட்டைப் பிரிக்கிற நேரத்தில், அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லு வெட்டும். மாமி வளவுப் படலையடியில் நின்று கூப்பிட்டுக் கொடும். உள்ளே வரச் சொல்லாவிட்டால் போக வேண்டாம். கன்று பால் மறக்க இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரைக்கும் பால் காசு உம்முடைய உழைப்பில் இருந்து, கூலி வேலை என்றாலும் பரவாயில்லை, ஒவ்வொரு கிழமையும் மாமியின் கையில் போக வேண்டும். கன்றைத் திரும்ப உம்முடைய வளவில் கட்டுவதா இல்லையா என்று முடிவெடுக்கிற உரிமை மகளுக்கு மட்டும்தான். அதைப் பற்றி அவளிடம் நீர் வாயே திறக்கக் கூடாது.

சவாரிக்குப் பெயர் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வெட்டிவிடும். கிடாயையும் எருமையையும் இனி எதற்கும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அடுத்த கடிதத்தை உம்முடைய மனைவி எழுதட்டும், இரண்டு வரி என்றாலும் பிரசுரிப்பேன்.