திருகோணமலை வளாகம் கிடைத்தால் தயங்க வேண்டாம்

மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. "அது கிளைதானே, காணியை விற்றாவது கொழும்பில் தனியாரிடம் சேர்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம், அம்மா. பதிவுத் திகதியைத் தவறவிடாமல் பிள்ளையைத் திருகோணமலைக்கே அனுப்புங்கள்.

அங்கே படிப்பவர்களுக்கும் பட்டம் வழங்குவது கிழக்குப் பல்கலைக்கழகம்தான். மாணவர்களைத் தெரிவு செய்வதும் அதே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உயர்தரப் பரீட்சையில் பெறும் அதே இசட் புள்ளி. கற்பித்தல் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

நாங்கள் பெருமைப்படும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத்தான் தொடங்கியது. 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. வவுனியாவும் 1997 முதல் யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்து, 2021 இல்தான் தனித்து நின்றது. வளாகம் என்பதற்காக அங்கே படித்த பிள்ளைகளை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது ஆங்கிலத்தைப் பற்றி. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கப் போகிறாள். கெட்டிக்காரப் பிள்ளைகளும் முதலாம் ஆண்டில் தடுமாறுவது இங்கேதான்: தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் வாசித்து விளங்குவதற்குள் பரீட்சை நேரம் ஓடிவிடும். ஆகவே வகுப்புகள் தொடங்கும்வரை வீட்டில் சும்மா இருக்க விடாதீர்கள். தான் ஏற்கெனவே செய்து பழகிய உயர்தர வினாத்தாள்களின் ஆங்கில மொழிமூலப் பிரதிகளை எடுத்து, மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். விடை தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் மொழியில் நிற்கும். இலக்கண வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சிறப்புப் பட்டத்துக்கு எவ்வளவு பெறுபேறு வேண்டும், தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டுப் பெறுபேற்றை அலட்சியம் செய்துவிட்டு, பின்னர் அதை ஈடுசெய்வது கடினம்.

பகிடிவதை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். முறையிட்டால் படிப்புக் கெட்டுவிடும் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம் என்று மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். விடுதியில் கொண்டுபோய் விடும் நாளில், விடுதிப் பொறுப்பாளரையும் மாணவ ஆலோசகரையும் நேரில் சந்தித்து, அவர்களுடைய தொலைபேசி இலக்கங்களை வாங்கிக்கொண்டு வாருங்கள்.