உறைபனிக் காற்றில் வெப்பமா?

கேள்வி: நார்வேயில் மைனஸ் 15 டிகிரி குளிரிலும் வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்து ஹீட் பம்ப் வீட்டைச் சூடாக்குகிறதாமே, எப்படி? கோடையில் அதுவே குளிரூட்டுமா?

பதில்: வெப்பம் முற்றிலும் இல்லாத நிலை மைனஸ் 273 டிகிரி என்பதால், நம்மை நடுங்க வைக்கும் காற்றிலும் வெப்ப ஆற்றல் ஏராளமாக உண்டு. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஆர்-32 போன்ற குளிர்பதனப் பொருள், வெளியே உள்ள கருவியில் அந்த வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்ற, அது வீட்டுக்குள் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றவே செலவாவதால், மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் இது குறையும். சுவரிலும் ஜன்னலிலும் வெப்பம் கசியும் வீடானால், முதலில் அதைச் சரிசெய்வதே நல்லது என்பேன். ஓட்டத்தின் திசையைத் திருப்பும் வால்வு உள்ள கருவி, கோடையில் ஏசியாகவே இயங்கும்.