ஷார்ஜா வெயிலும் பழைய பஜேரோவும்

தேவகோட்டைத் தம்பிக்கு,

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பழைய நினைப்பெல்லாம் கிளம்பிவிட்டது. ஷார்ஜா வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, லைசென்ஸ் எடுத்த சூட்டோடு, ஊருக்கே திரும்பிப் போகிற ஒருவரிடம் 2010 பஜேரோ வாங்கியிருக்கிறீர்கள். 3.5 வி6, இரண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியது. இப்போது ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல். கராஜ்காரர் ரேடியேட்டரோடு வாட்டர் பம்ப், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், ஹோஸ், இன்ஜின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்கும் டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். ரூமில் இருப்பவர்கள் "ஏமாத்துறான், ரேடியேட்டரை மட்டும் மாத்து" என்கிறார்கள். கூடவே எங்கே வீடு பார்ப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பணம் எப்படி அனுப்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வீடு, பள்ளி பற்றிச் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பணம் எக்ஸ்சேஞ்சில் அனுப்புங்கள், அவ்வளவுதான். வண்டிக்கு வருவோம்.

கராஜ்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒரு பைசா செலவழிக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: விரிசல் விட்ட பிறகு இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனதா? போயிருந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் குப்பி வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே விடுவார்கள். திரவம் மஞ்சளாக மாறினால் இன்ஜின் புகை, அதைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குள் கலக்கிறது என்று பொருள். அப்படியானால் புது ரேடியேட்டரும் புது பம்ப்பும் போட்டுப் பிரயோஜனமில்லை, கணக்கே வேறு. முள் ஏறவே இல்லை என்று சொல்லியும் நிம்மதியாக இருக்க முடியாது. கூலன்ட் மொத்தமாக வடிந்துவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். முள் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கூடக் காட்டும். அந்த முள்ளை நம்பி இன்ஜினைத் தீய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஹெட் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை எதோடு சேர்த்து மாற்றுவது? எந்தப் பாகம் கெட்டது என்பதைவிட, அதைத் தொட வேறு எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. நம் பக்கத்துப் பழைய வீட்டில் ஓடு பிரிக்கும்போது உளுத்த ரீப்பரை அப்படியே விட்டுவிட்டு மேலே புது ஓடு அடுக்குவோமா? உங்கள் வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பம்ப்பை எடுக்க பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். பெல்ட்டுக்குப் போக முன்பக்க விசிறி, உறை, கவர் எல்லாம் வெளியே வரவேண்டும். ரேடியேட்டரும் இல்லையென்றால் கை போக இன்னும் தாராளம். ஆகவே பெல்ட், அதன் டென்ஷனர், உருளை, வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் ஒரே வேலை, ஒரே கூலி. பெல்ட்டின் ஆயுள் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். விற்றவரிடம் இரண்டாவது பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா? "மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை பில் ஆகாது. பழைய பம்ப் நாளைக்கு ஒழுக ஆரம்பித்தால் அந்தக் கூலன்ட் நேரே பெல்ட்டின் மேல்தான் விழும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளையலாம், வண்டி இரும்புக்கடைக்குத்தான்.

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் நான்கையும் பேரம் பேசாமல் மாற்றுங்கள். மொத்தமாகச் சேர்த்தாலும் ரேடியேட்டர் விலைக்குப் பக்கத்தில் வராது. மூடியை யாரும் மதிப்பதில்லை. பாதி கூலன்ட், பாதி தண்ணீர்க் கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கிற அழுத்தத்தில்தான் 125 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் போனால் புது ரேடியேட்டர் இருந்தும் வண்டி பொங்கும். ஹீட்டருக்குப் போகிற சின்ன ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று இருந்தாலோ, கிளாம்ப் அருகே உப்பியிருந்தாலோ அவையும் போகட்டும்.

விசிறிக் கிளட்ச்சை, அதாவது சூடு ஏறும்போது விசிறியை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் பாகத்தை, சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைச் சுற்றுங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்தால் நல்லது. தட்டிவிட்டதும் காற்றாடி மாதிரி சுற்றினால் உள்ளே இருக்கிற சிலிக்கோன் எண்ணெய் காலி. துபாய் போகிற நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏசி சூடாக அடித்து முள் ஏறினால் சந்தேகம் விசிறிமேல். நூறு, நூற்றிருபதில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மணலும் பஞ்சும் அப்பியிருக்கும், அதையும் கழுவச் சொல்லுங்கள். "ஏசி கம்ப்ரஸரையும் சேர்த்து மாத்திடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ரூமில் இருப்பவர்கள் பற்றி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஊர்க் கணக்கிலேயே இருக்கிறார்கள். காரைக்குடியில் அம்பாசிடர் ஓடின காலத்தில் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் பட்டறையில் ஈயம் பற்றவைத்து அனுப்பிவிடுவார்கள். பம்ப் போனால் பம்ப், ஹோஸ் போனால் ஹோஸ். கூலி மலிவு, எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரிக்கலாம். இங்கே அலுமினியம், அதன் மேல் பிளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பிடித்திருக்கிறார்கள். பத்து வருஷ வெயிலில் பிளாஸ்டிக் பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் உதிரும். எம்சீல் வைத்து ஒட்டுகிற யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை பிரிப்பதற்கும் இங்கே காசு, வண்டி நிற்கிற நாளில் டாக்ஸிக்குத் தனிக் காசு.

இன்னொரு கூட்டம் உண்டு. "இருபது வருஷமா பச்சைத் தண்ணிதான் ஊத்துறேன்" என்று மார்தட்டும். துருவையும் அரிப்பையும் ஆராய நம்ம காரைக்குடியில் சிக்ரி என்று ஒரு பெரிய ஆய்வகமே இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்களே இப்படிப் பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூலன்ட் கொதிநிலைக்கு மட்டும் இல்லை. துரு பிடிக்காமல் காப்பதும் அதுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற வைத்தியத்தையும் இதே ஆட்கள்தான் சொல்வார்கள். நான் 1997-ல் வந்தபோது ஷார்ஜாவில் சஜா பக்கம் தொழிலாளர் கேம்ப். பங்க் கட்டில், மேல் தட்டு எனக்கு, ஏசி காற்று கீழ்த் தட்டோடு நின்றுவிடும். கம்பெனி பிக்கப்பில் தெர்மோஸ்டாட் இல்லை, மெக்கானிக் எப்போதோ பிடுங்கியிருந்தார். பல இன்ஜின்களில் சூடு ஏறியதும், ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் திரும்புகிற சுற்றுவழியை அடைப்பதும் அந்தத் தெர்மோஸ்டாட்டேதான். அது இல்லையென்றால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். ஜூலை மாதம், ஹத்தா ரோட்டில் வண்டி பொங்கி நின்றது. டிரைவர் ஈரச் சாக்கை மடித்து மூடிமேல் போட்டுத் திருகினார். முதல் திருகில் உஸ்ஸென்று ஒரு சத்தம், அடுத்ததில் சாக்கே பறந்தது. கொதிக்கிற கூலன்ட் அவர் தாடைக்குக் கீழே தொடங்கி நெஞ்சு வரை வழிந்தது. சட்டையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. மெயின் ரோட்டில் யாரும் நிறுத்தவில்லை. அரபி, உருது ஒன்றும் தெரியாமல் கையை ஆட்டி உருது பேசுகிற ஒரு பதான் லாரிக்காரரை நிறுத்தியது நான்தான். அன்றைக்கு ராத்திரியே உருது கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கராஜில் என்னை லாகூர்க்காரன் என்று நினைப்பவர்கள் உண்டு, பேரம் பேசும்போது அதை நான் திருத்துவதில்லை.

எங்கள் ஐயா காலத்தில் பர்மா போனவர்கள் திரும்பும்போது தேக்கு கொண்டுவந்து வீடு கட்டினார்கள். இப்போது பெரிய வண்டிமேல் சாய்ந்துகொண்டு எடுத்த போட்டோதான் ஊருக்குப் போகிறது. உங்களைச் சொல்லவில்லை, குடும்பம் வருகிறது, பெரிய வண்டி வேண்டும்தான். ஆனால் விற்றவர் தள்ளிப்போட்ட பராமரிப்பு முழுக்க உங்கள் தலையில் வந்திருக்கிறது.

பாகங்களை நீங்களே வாங்குங்கள். இண்டஸ்ட்ரியல் ஏரியா கடைகளில் ஒரிஜினல் அட்டைப்பெட்டிக்குள் டூப்ளிகேட் தாராளமாகக் கிடைக்கும். பம்ப்பும் பெல்ட்டும் கம்பெனிக் கடையில் எடுங்கள், ரேடியேட்டர் நல்ல மாற்றுப் பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை. கழற்றிய பழையதையெல்லாம் டிக்கியில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எது மாறியது என்றே தெரியாது. பழைய கூலன்ட்டோடு எதையும் கலக்காமல், முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும், இந்த வெயிலில் பையன்கள் அதைத்தான் விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டு, ஒரு வாரம் ஹத்தா, ஜெபல் ஜைஸ் மாதிரி மலைப் பக்கம் போகாமல் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள்.