மேதைகளை அறிமுகப்படுத்த நான்கு புளியங்கொட்டை

கேள்வி: என் மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. புத்தகக் கண்காட்சியில் 12 மேதைகளின் வாழ்க்கையைப் படங்களோடு சொல்லும் புத்தகங்களை மொத்தமாக வாங்கினேன். ராமானுஜனை வாசிக்க ஆரம்பித்தேன், நாலாவது பக்கத்தில் மகள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இவரும் செத்துட்டாராம்மா?" என்றாள். அம்பேத்கர் புத்தகத்தை எடுக்கவே தயக்கமாக இருக்கிறது, சாதியைப் பற்றி இந்த வயதில் என்ன சொல்வது? "இதுக்கெல்லாம் இன்னும் வயசு வரலை" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இன்ன ஊரில் பிறந்தார், இன்ன பள்ளியில் படித்தார், இன்ன பட்டம் வாங்கினார் என்று பக்கம் பக்கமாகக் கேட்க 6 வயதுக்குப் பொறுமை இருக்காது. ஆனால் ஒரு மனிதர் எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், எந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தார் என்பது அந்த வயதுக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் காலையிலிருந்து இரவு வரை "ஏம்மா, ஏம்மா" என்று அவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதனால் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்காதீர்கள். ஒரு படத்தை மட்டும் திறந்து வையுங்கள். ராமானுஜன் என்றால் சிலேட்டுப் படம். கும்பகோணத்து வீட்டில் அவர் சிலேட்டில்தான் கணக்குப் போடுவார், காகிதம் வாங்கக் காசு போதாது. துணியைத் தேடி எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை இல்லாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இதைச் சொன்னதும் உங்கள் மகள் முழங்கையால் அழித்துப் பார்ப்பாள், சட்டை அழுக்காகும், பரவாயில்லை.

அப்புறம் நான்கு புளியங்கொட்டையைத் தரையில் போடுங்கள். இதை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம் என்று கேளுங்கள். நாலும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனி. மொத்தம் 5 வழி. இதே கேள்வியைத்தான் ராமானுஜன் பெரிய எண்களுக்குக் கேட்டார், 1918-ல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து அதற்கு ஒரு சூத்திரமும் வெளியிட்டார். 100 கொட்டை இருந்தால் 19,05,69,292 வழி என்று அவளிடம் சொல்லுங்கள், அந்த எண்ணை அவளால் படிக்க முடியாவிட்டாலும் கண் விரிவதைப் பார்ப்பீர்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்த மனிதர் எதில் கிறுக்காக இருந்தாரோ அதைக் குழந்தை கையால் தொட்டுப் பார்த்துவிடுகிறது.

ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே பற்றிய புத்தகம் அந்தப் பன்னிரண்டில் இருந்தால் அதையும் இப்படியே தொடங்கலாம். கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர், பைண்டுக்கு வந்த புத்தகங்களையே வாசித்து அறிவியலுக்கு வந்தவர். 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே ஆறு நாள் பேசினார். நீங்களும் மெழுகுவர்த்தியை ஏற்றி, மெதுவாக அணைத்து, உடனே எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள், தீ புகை வழியாகத் திரிக்குத் தாவும். காற்று அடிக்காத இடமாக இருக்கட்டும், குச்சி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "பார், அவர் எப்படிப் படிச்சார், நீ?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றோடு அந்தப் பன்னிரண்டு பேரும் அவளுக்கு எதிரிகள். கணக்கைத் தவிர வேறு பாடம் எதையும் கவனிக்காமல் ராமானுஜன் கல்லூரியில் தேர்வில் தோற்றார், உதவித்தொகையும் போனது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அம்பேத்கருக்கு வருகிறேன். தயங்கவே தயங்காதீர்கள். அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார விடவில்லை, வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில் தனியாக உட்கார்ந்தார். பள்ளிக் குழாயை அவர் தொடக் கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும், பியூன் இல்லாத நாளில் தண்ணீர் கிடையாது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். தாகம் என்றால் என்ன என்று 4 வயதுக்கும் தெரியும். "ஏன் தரலை?" என்று கேட்பார்கள். "பிறப்பை வைத்து ஒருத்தரை மேல், ஒருத்தரைக் கீழ் என்று பெரியவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள், அது தப்பு, இன்னும் சில பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். அப்படியே விட்டுவிடாமல், அந்தப் பையன் வளர்ந்து 1927-ல் மகாராஷ்டிரத்து மஹாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய், அவர்களைத் தொட விடாத சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததையும் அன்றே சொல்லிவிடுங்கள். குழந்தை அந்தத் தண்ணீரோடு தூங்கப் போகட்டும்.

சாவைப் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். "ஆமாம், ராமானுஜன் 32 வயசிலேயே உடம்பு முடியாம போயிட்டார்" என்றால் போதும். கேள்வி தொடர்ந்தால் தொடரட்டும்.

மற்றப் புத்தகங்களை மாதம் ஒன்றாக வெளியே எடுங்கள், 12-ஐயும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்தால் ஒன்றும் நிற்காது. உங்கள் ஊர் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் அவளையே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத யாரையாவது எடுத்து வருவாள், அதையே வாசியுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கணவரையும் தரையில் உட்கார வையுங்கள். ஐந்து கொட்டைக்கு 7 வழி, ஆறுக்கு 11. ஆறு வரும்போது பெரியவர்களுக்கே ஒன்றிரண்டு விட்டுப்போகும்.